கொர்னாக்கியா குடும்பம்

எங்கள் ஊர் பஸ்ஸை ஓட்டும் ஒரேஸ்தேவின் குடும்பப் பெயர் பால்தெல்லி. ஊரில் பாதிப் பேருக்கு அது மறந்தே போயிருந்தது. இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. உப்புமூட்டை, நொண்டிக்கோழி, பாதிரியார் மருமகன் என்று. முதுகுக்குப் பின்னால் மட்டும்தான் சொல்வோம். ஒரேஸ்தேவுக்கு வைத்த பெயர் கொர்னாக்கியா. எங்கள் பாஷையில் காக்கா என்று அர்த்தம்.

குயில் முட்டையை அடைகாக்கிற காக்கா. மலையைக் குடைந்து சாலை போட வந்த இன்ஜினீயர் ஒருவர் ஒரு கோடை முழுக்க ஒரேஸ்தே வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தார். அவருக்குச் செம்பட்டைத் தாடி. அடுத்த வசந்தத்தில் ஒரேஸ்தேவின் மனைவி மிரெல்லா ஒரு பெண்ணைப் பெற்றாள். நீவெஸ் என்று பெயர் வைத்தார்கள். ஒரேஸ்தேவுக்கும் மிரெல்லாவுக்கும் கருகரு முடி. அந்தக் குழந்தைக்குத் தலை முழுக்கச் செம்பட்டை. ஊருக்கு அது போதுமாக இருந்தது.

"எங்கம்மாவோட அத்தைக்கு இதே முடிதான்" என்று ஒரேஸ்தே, கேட்காதவர்களிடமும் சொல்வார். அந்த அத்தையை யாரும் பார்த்ததில்லை.

நீவெஸ் சின்னவளாக இருக்கும்போதே மிரெல்லா செத்துப்போனாள். அதன் பிறகு காலையில் பஸ்ஸை எடுப்பதற்கு முன் ஒரேஸ்தேதான் மகளுக்குத் தலை பின்னிவிடுவார். பஸ் படியில் அவளை உட்கார வைத்து, சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு பின்னுவார். எதிரே லொரெதானாவின் காபிக் கடை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட நாளிலிருந்து நான் அங்கேதான் கிளாஸ் கழுவுகிறேன். கழுவுகிற தொட்டிக்கு மேலே ஜன்னல்.

"பாருங்கடா, காக்கா குஞ்சுக்கு இறகு கோதிவிடுது" என்பார் உபால்தோ. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். சீட்டு மேஜையில் அவர் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரேஸ்தே காபிக்கு வந்தால், "வாப்பா ஒரேஸ்தே, பொண்ணு எப்படி இருக்கா?" என்று கேட்பதும் அதே வாய்தான்.

ஒரேஸ்தேவுக்கு விஷயம் தெரியாது என்றே அவர்கள் நினைத்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. உள்ளே காக்கா பேச்சு ஓடும்போது, கதவுக்கு வெளியே குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுவார். பேச்சு அடங்கிய பிறகு செருமிக்கொண்டே நுழைவார். மகள் கூட இருந்தால் அந்தப் பக்கமே வரமாட்டார். குளத்தைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போவார். அவள் காதில் மட்டும் அந்தப் பெயர் விழக் கூடாது. அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. நீவெஸ் பதினேழு வயது வரை அப்பாவின் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, அவர் தோளில் தாளம் போட்டுக்கொண்டே பள்ளிக்கூடம் போனாள்.

எங்கள் ஊரில் பீங்கான் வேலை கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்று இருக்கிறது. போன வருஷம் லித்துவேனியாவிலிருந்து எக்லே என்ற பெண் அங்கே படிக்க வந்தாள். கடைக்கு மேல்மாடி அறையில் தங்கினாள். புத்தகத்தில் இருக்கிற மாதிரியே பேசுவாள். "தயவுசெய்து எனக்கு ஒரு தேநீர் கிடைக்குமா?" என்று அவள் கேட்டால் சீட்டு மேஜையே திரும்பிப் பார்க்கும். குளிர்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் ஏறி நினைவு தப்பியபோது, ஒரேஸ்தே வண்டியில் இருந்த பயணிகளை இறக்கிவிட்டு பஸ்ஸையே ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். நீவெஸ் அவள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். அதிலிருந்து இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள்.

எக்லே ஊருக்குத் திரும்புகிற வாரத்தில், பள்ளியில் சூளை பார்த்துக்கொள்ளும் துல்லியோ மூச்சிரைக்கக் கடைக்குள் வந்தான்.

"உபால்தோ அண்ணே, கேட்டா வயிறு வலிக்கும். அந்தப் பொண்ணு கடைசியா என்ன செஞ்சிருக்கு தெரியுமா? வாசல்ல மாட்டுற பெயர்ப்பலகை. நம்ம டிரைவருக்கு."

"அதுல என்னடா?"

"கொர்னாக்கியா குடும்பம்னு எழுதியிருக்கு. நீல எழுத்துல. ஓரத்துல ஒரு காக்கா வேற வரைஞ்சிருக்கு!"

சீட்டெல்லாம் மேஜையில் விழுந்தது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. கொர்னாக்கியா என்பது இந்த நாட்டில் நிஜமாகவே பலருக்குக் குடும்பப் பெயர். மாடியில் இருந்துகொண்டு "கொர்னாக்கியா பஸ் வந்தாச்சா" என்று கீழே நாங்கள் பேசுவதைத் தினமும் கேட்டவள், அதுதான் அவர் பெயர் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். நேரில் பார்த்தால் ஒரேஸ்தே ஐயா என்றுதான் கூப்பிடுவாள். அதனால் இதுவரை வெளியே வரவில்லை.

"சூளையிலிருந்து எடுத்தாச்சா?" என்றாள் லொரெதானா.

"நாளைக்குத்தான் ஆறும். நான் வேணா சொல்லிடட்டுமா, பாவம்?"

"வாயைத் திறந்த, பல்லைப் பேத்துருவேன்" என்றார் உபால்தோ. "வெள்ளிக்கிழமை இங்கதான அந்தப் பொண்ணு குடுக்கிற விருந்து. அப்பனையும் மகளையும் கூப்பிட்டுருக்கா. எல்லாரும் நல்ல சட்டை போட்டுட்டு வாங்கடா."

எக்லே மாடிக்குப் போகும்போது படியில் அவளை நிறுத்தினேன். "அந்தப் பலகையைக் குடுக்காதம்மா" என்றேன்.

"ஏன்? அழகாக இல்லையா?"

"அழகாத்தான் இருக்கும். பேரு..."

"எழுத்துப்பிழையா? அகராதியில் பார்த்தேனே. நடுவில் இரண்டு சி."

காரணத்தைச் சொன்னால் இவள் அன்றைக்கே நீவெஸிடம் போய் மன்னிப்புக் கேட்பாள். அப்படிப்பட்ட பெண். ஒரேஸ்தேவிடம் போய்ச் சொல்லலாம் என்றால், அந்தப் பெயரை அவர் முகத்துக்கு நேரே சொல்கிற முதல் ஆள் நானாக இருப்பேன். "எழுத்து சரிதான்" என்று சொல்லிவிட்டுக் கீழே வந்தேன்.

வெள்ளிக்கிழமை முயல் கறி சமைத்தோம். பெருஞ்சீரகம் போட்டது. வழக்கமாக வராதவர்கள்கூட வந்து சுவரோரம் நின்றார்கள். ஒரேஸ்தே தன் கருப்பு டிரைவர் கோட்டைத் தூசி தட்டிப் போட்டு வந்திருந்தார். அத்தனை நல்ல சட்டைகளைப் பார்த்ததும் அவர் முகம் கொஞ்சம் மாறியது. கதவுப் பக்கமாகவே உட்கார்ந்தார்.

எக்லே எழுந்து நின்றாள். காதெல்லாம் சிவந்திருந்தது.

"இந்த ஊரில் எனக்கு ஒரு குடும்பம் கிடைத்தது. பனியில் என் உயிரைக் காப்பாற்றிய குடும்பம். மதிப்பிற்குரிய கொர்னாக்கியா குடும்பத்தினருக்கு என் அன்பளிப்பு."

துணியை விலக்கினாள். நல்ல வேலை. அதில் பொய்யில்லை. கூட்டில் ஒரு காக்கா, பக்கத்தில் வாயைப் பிளந்த ஒரு குஞ்சு. குஞ்சின் தலையைச் செம்மண் நிறத்தில் தீட்டியிருந்தாள், தோழிக்குச் செல்லமாக.

யாரோ மூக்கால் சிரித்தார்கள். அவ்வளவுதான், சுவரோரம் முழுக்கச் சிரிப்பு உடைந்தது.

நீவெஸும் சிரித்தாள். "அடிப்பாவி எக்லே! எங்க பேரு பால்தெல்லிடி. கொர்னாக்கியான்னு யாரு சொன்னா?"

"எல்லோரும் சொல்கிறார்களே. தினமும்." எக்லே சுற்றிலும் பார்த்தாள். "கொர்னாக்கியா பஸ், கொர்னாக்கியா வீடு..."

நீவெஸின் சிரிப்பு நின்றது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். லொரெதானா குனிந்து ரொட்டி நறுக்கினாள்.

"அப்பா, உங்களை எதுக்கு காக்கான்னு சொல்றாங்க?"

"இந்தக் கோட்டுக்குத்தாம்மா" என்றார் ஒரேஸ்தே உடனே. "கருப்புக் கோட்டு போட்ட நாள்லேருந்து அப்படித்தான் கேலி பண்ணுவாங்க. எனக்குத் தெரியும்." சட்டென்று சிரித்தும் காட்டினார். அந்த பதிலை எத்தனை வருஷமாகத் தயாராக வைத்திருந்தாரோ.

அதோடு விட்டிருக்கலாம். விட்டிருந்தால் அவள் நம்பியிருப்பாள்.

"கோட்டாம்ல!" என்றார் உபால்தோ. "ஏம்மா நீவெஸ், காக்கா கூட்டுல யாரு வந்து முட்டை வெப்பாங்கன்னு பள்ளிக்கூடத்துல சொல்லித் தரலையா? கண்ணாடியில பாத்துக்கவே மாட்டியா நீ?"

இந்த முறை பாதிப் பேர்தான் சிரித்தார்கள். நீவெஸின் கை மெதுவாக மேலே போய்த் தன் பின்னலைப் பிடித்துக்கொண்டது. ஒரேஸ்தே எழுந்தார். பலகையைத் துணியில் திரும்பச் சுற்றினார், ஓரம் தட்டாமல். "ரொம்ப நல்லா செஞ்சிருக்க, தாயி" என்று எக்லேவிடம் சொன்னார். மகளுக்குக் கதவைத் திறந்துவிட்டார். முயல் கறி ஆறுவதற்குள் மற்றவர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

மறுநாள் காலை அந்தப் பலகை அவர் வாசலில் இருந்தது. கடைக்குப் போகிற வழியில் பார்த்தேன். உபால்தோவும் பார்த்தார்.

"என்ன ஒரேஸ்தே, மாட்டியே புட்ட?"

"எனக்குக் குடுத்ததுதான?" என்று சொல்லிவிட்டு அவர் சுத்தியலைத் துடைத்தார்.

எக்லே கிளம்பிய நாளில் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையம் வரை நானும் பஸ்ஸில் போனேன். எக்லேவுக்கு அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. முட்டைக் கதையை யாரோ அவளுக்கு விளக்கியிருந்தார்கள். ஒரேஸ்தே எப்போதும் போலப் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார்.

குளத்து முக்கில் நீவெஸ் ஏறினாள். யாரென்று எனக்கு முதலில் தெரியவில்லை. முடியை ஒட்ட வெட்டி, கருப்புச் சாயம் போட்டிருந்தாள். சாயம் சரியாகக் கழுவாமல் காதோரம் கறையாக வழிந்திருந்தது. அப்பாவுக்குப் பின்னால் இருந்த அவளுடைய இடம் காலியாக இருந்தது. அதைத் தாண்டிப் போய்க் கடைசி சீட்டில் எக்லே பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஒரேஸ்தே கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, திரும்பாமல், "முடியை என்னம்மா பண்ணின?" என்றார்.

"உங்களுக்கு இருந்த மாதிரி இருக்கட்டும்னுதான்பா."

அவள் அதை அன்பாகத்தான் சொன்னாள். தன் அம்மாவின் அத்தையைப் பற்றி அவர் அதற்கப்புறம் யாரிடமும் பேசவில்லை.

ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன் அடித்தார். வண்டி மலையிறங்கி அடிவாரத்து டவுனுக்குள் நுழைந்து, ரயில் நிலையத்தைத் தாண்டிப் போனது. ஒரேஸ்தேவின் கண் இன்னும் அந்தக் கண்ணாடியிலேயே இருந்தது. கொஞ்ச தூரம் கழித்து, நிறுத்தச் சொல்லி மணியை அடித்தது எக்லேதான்.