மதர்போர்டுக்கு வைத்த பொட்டு

சென்ற வருடம் ஐப்பசி மாதம். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்த பழைய கம்ப்யூட்டர், நல்ல மழை நாளில் 'டப்' என்ற சத்தத்தோடு நின்றுபோனது. என் கணவர் நெசவாளர். நான் பட்டுப்புடவைகளுக்கு டிசைன் போட்டுக் கொடுப்பவள். வேறு சமயமாக இருந்தால், போகட்டும் கிழடு என்று தலைமுழுகியிருப்பேன். அன்று முடியவில்லை.

காரணம் என் அக்கா. பெங்களூரில் இருக்கிறாள். அவள் மகளுக்குத் தையில் கல்யாணம். தன் கல்யாணப் புடவையில் இருந்த அதே டிசைன்தான் மகளின் முகூர்த்தப் புடவையிலும் வரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவளுடைய கல்யாணத்துக்கு முன்பு, நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி உட்கார்ந்து, அன்னத்தின் கழுத்து இன்னும் வளையவேண்டும், வேண்டாம் என்று சண்டை போட்டுக்கொண்டே கட்டம் கட்டமாக வரைந்த டிசைன் அது. அந்தப் புடவை மடிப்புக்கு மடிப்பு விட்டுப்போய்விட்டது. தறிக்காகத் துளை அடித்து வைத்த டிசைன் அட்டைகளை எலி தின்றுவிட்டது. கம்ப்யூட்டரில் இருந்த ஃபைல் மட்டும்தான் மிச்சம்.

ரிப்பேர் கடையில் பெட்டியைத் திறந்து பார்த்து, ஹார்ட் டிஸ்க் நன்றாக இருக்கிறது, மதர்போர்டுதான் போய்விட்டது என்றார்கள். புதுக் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டால் தீர்ந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் எங்கள் டிசைன் மென்பொருளுக்குக் கட்டைவிரல் அளவில் ஒரு பூட்டு உண்டு. அந்தக் காலத்துப் பிரிண்டர் சொருகும் இடத்தில் அதைச் சொருகினால்தான் திறக்கும். இப்போது வருகிற கம்ப்யூட்டர்களில் அந்த இடமே கிடையாது. அதே மாடல் பழைய போர்டு கிடைத்தால்தான் உண்டு. அதற்கு ஆன்லைன்தான் கதி.

முதலில் வாங்கியதில் ஏமாந்தேன். படத்தில் பளபளவென்று இருந்த போர்டு, வந்தபோது கெபாசிட்டர் எல்லாம் உப்பி, துருப்பிடித்துக் கிடந்தது. விற்றவர் போனையே எடுக்கவில்லை. இதற்குள் கணவர் தறியில் பாவு நூலை ஏற்றிவிட்டார். அக்கா தினமும் போன் செய்து, ஆரம்பிச்சாச்சா என்று கேட்பாள். நானும் ஏதேதோ சொல்லிச் சமாளிப்பேன்.

இரண்டாவது போர்டு கோயம்புத்தூரில் ஒருவரிடம் கிடைத்தது. பழைய பாகங்களைச் சரிசெய்து விற்பவர். அனுப்பும் முன்பே அதை ஓடவிட்டு வீடியோ எடுத்து அனுப்பினார். அதனால் நம்பி வாங்கினேன். பார்சல் வந்ததும் மாட்டப் போன என்னைக் கணவர் தடுத்தார்.

"தறியில புதுசா எது ஏத்தினாலும் பொட்டு வெக்காம ஏத்துவோமா? இதுவும் தறி வேலைக்கு வந்ததுதாம்மா."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. சாமி படத்துக்கு முன் வைத்து, போர்டின் ஓரத்தில் தாராளமாகக் குங்குமம் வைத்தார். கற்பூரம் காட்டிவிட்டு நானே மாட்டினேன். சுவிட்சைப் போட்டால் திரையில் ஒன்றுமில்லை. கூக், கூக் என்று கத்தியது, அவ்வளவுதான்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! கோயம்புத்தூர்காரருக்குப் போன் போட்டு, முதல் ஆளுக்குச் சேர வேண்டிய திட்டையும் சேர்த்து இவருக்கே கொடுத்தேன். நான் மூச்சு வாங்கிய நேரம் பார்த்து அவர், ராம் என்கிற மெமரி அட்டையைக் கழற்றிவிட்டு அது சொருகும் இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். படத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்.

"ஏனுங்க அக்கா, உள்ள செகப்பா என்னங்க அது?"

குங்குமம் வைத்த கதையைச் சொன்னேன். அது என் பொருள் செய்த தப்பில்லை என்று சொல்லி அவர் போனை வைத்திருக்கலாம். சிரித்துவிட்டார். "நாங்களும் ஆயுத பூஜைக்கு வெப்போமுங்க. ஆனா பெட்டிக்கு வெளியில வெப்போம்" என்றார். காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், ராமின் விளிம்பை ரப்பரால் துடையுங்கள் என்று நிதானமாகச் சொல்லி, முடியும் வரை லைனிலேயே இருந்தார்.

பிரஷ்ஷுக்கு எங்கே போவது? அக்காவும் நானும் கிராஃப் தாளில் வண்ணம் தீட்டிய காலத்துப் பிரஷ் ஒன்று மேசை இழுப்பறைக்குள் கிடந்தது. அதை வைத்து ஊதி ஊதித் தட்டினேன். மறுபடி சுவிட்சைப் போட்டதும் திரை வெளிச்சமானது. கணவர் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கோவைக்காரருக்கு நான் நன்றி சொன்னேனா, மன்னிப்புக் கேட்டேனா, எனக்கே நினைவில்லை.

உடனே அக்காவுக்கு வீடியோ கால் போட்டுத் திரையைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஃபைலின் பெயரை எழுத்துக்கூட்டி அவள் படித்தாள். 'அக்கா போறா.' இருபது வயதில், அவள் என்னை விட்டுப் போகிற கோபத்தில் நான் வைத்த பெயர். எனக்கே மறந்துபோயிருந்தது.

"இத எங்கிட்ட நீ சொல்லவே இல்லியேடி" என்றாள்.

ஃபைலைத் திறந்தேன். அன்னத்தின் கழுத்து நான் கேட்டபடியே வளைந்திருந்தது. அன்றைய சண்டையில் விட்டுக்கொடுத்தவள் அக்காதான். அதையும் நான் மறந்திருந்தேன். மகளின் புடவைக்கு ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, இதற்கு என்ன பெயர் வைக்கட்டும் என்று கேட்டேன். அக்கா கண்ணாடியைக் கழற்றினாள்.

"பாப்பா போறான்னு போடு" என்றாள். அப்படியே போட்டேன்.

புடவை நேரத்துக்கு முடிந்தது. முதல் படம் கோவைக்காரருக்குத்தான் போனது. பொட்டு இப்போது பெட்டிக்கு வெளியே இருக்கிறது. ஆன்லைனில் பழைய பாகம் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் ஏமாந்த கதையையும் சொல்கிறேன், குங்குமக் கதையையும் சொல்கிறேன். அந்த இரண்டு ஃபைல்களின் பெயரை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.