கோயில் காட்டில் கை கட்டி நடந்தவர்

செய்தியைச் சொன்னவர் சம்பத். அதுதான் முதலில் உறுத்தியது.

காலையில் விழுப்புரம் ரயில் நிலையத்துக்கு எதிரே தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். "மேடம் போய்ட்டாங்க சார்" என்றார் தொலைபேசியில். குரல் உடைந்திருந்தது. அது நடிப்பு என்று சொல்லமாட்டேன். "எல்லாமே அவங்க போட்ட பிச்சை. சாயந்திரம் எடுத்துடுவாங்க. பேப்பர்ல நல்லா எழுதுங்க சார். மொத மாணவன் நான்தான்னு உங்களுக்குத் தெரியுமே."

தெரியும். எழுதுகிறேன்.

பேராசிரியர் தையல்நாயகியை வகுப்பறையில் அறிந்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். நான் அவரை வெளியில் அறிந்தவன். கிளியனூர்ப் பக்கம் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பயிரிட்ட குடும்பத்தில் பிறந்தவர். தாவரவியல் படித்த பெண்ணுக்குப் பாடம் நடத்தும் வேலை போதும் என்று எல்லோரும் நினைத்த காலத்தில், எந்த மரத்தை அண்டி எந்தக் கொடி வளர்கிறது, எந்தப் பழத்தை எந்தப் பறவை கொண்டுபோகிறது என்று பருவம் தவறாமல் பேருந்து ஏறிப் போய்ப் பார்த்தவர். நம் பக்கத்துக் கோயில் காடுகளைச் சூழலியல் கண்ணோடு ஆராய்ந்த பெண், எனக்குத் தெரிந்து, அவருக்கு முன்னால் யாரும் இல்லை.

பெருமுக்கல் மலைக்குக் கிழக்கே ஓர் ஊரில் பெண் அதிகாரி ஒருவர் காட்டை அளக்கிறார், நிலத்தை எடுக்கப்போகிறார்கள் என்று எங்கள் நாளிதழுக்குப் புகார் வந்தது. விசாரிக்கப் போனேன். பச்சைவாழியம்மன் கோயிலைச் சுற்றி அடர்ந்த காடு. உள்ளே ஓர் அம்மாள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அண்ணாந்து நின்றிருந்தார். அதிகாரி இல்லை, பேராசிரியர் தையல்நாயகி. வழி காட்ட வந்த அஞ்சலை அந்த ஊரின் வார்டு உறுப்பினர்.

"காலையிலேர்ந்து அந்த மரத்தையே பாத்துகினு நிக்கிறாங்க சார். பொண்ணு பாக்க வர்றவங்ககூட இவ்ளோ நேரம் பாக்க மாட்டாங்க."

"பொண்ணு புடிச்சிருக்கு அஞ்சலை" என்றார் அவர், திரும்பாமலே. "எப்ப பூப்பேன்னுதான் சொல்ல மாட்டேங்குது."

நான் ஓர் இலையைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினேன். "கையைப் பின்னால கட்டிக்கினு வாங்க சார். கை சும்மா இருக்காது" என்றார் அவர்.

அந்தக் காட்டிலிருந்து எதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது. உதிர்ந்த சுள்ளியை அடுப்புக்கு எடுப்பதுகூடக் குற்றம். கல்யாண வீட்டுக்கு விறகு தட்டுப்பாடு வந்தாலும் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். எடுத்தால் அம்மன் பொறுக்கமாட்டாள் என்று ஊரில் ஒரு பயம். ஆராய்ச்சிக்கு அனுமதி கேட்டபோது தையல்நாயகி அம்மன் முன் எரிந்த கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்து கொடுத்தார். பக்கத்தில் நின்ற மாணவர் சம்பத்தும் செய்தார். வெளியே வரும்போது சேலையில் ஒட்டிய விதைகளைக்கூட எல்லையிலேயே உதறிவிட்டு வருவார். செருப்பு போட்டதில்லை.

அவர் துறையில் ஒரு மரம் ஓரிடத்தில் இருக்கிறது என்று சொன்னால் போதாது. கிளையை ஒடித்து, காகிதத்துக்கு நடுவே அழுத்திக் காயவைத்துப் பாதுகாக்க வேண்டும். அப்படிக் காயவைத்த மாதிரிக் கிளைதான் சான்று. மற்றக் காடுகளில் அவர் எடுத்த மாதிரிகளை எங்கள் நாளிதழின் பழைய பிரதிகளில்தான் காயவைப்பார். "உங்க பேப்பரு நல்லா ஈரம் இழுக்குது சார். செய்தி எப்படின்னு எனக்குத் தெரியாது" என்பார். எங்கள் நாளிதழைப் பற்றி நான் கேட்ட நேர்மையான பாராட்டு அது. அம்மன் காட்டில் மட்டும் எதையும் ஒடிக்காமல், நின்ற இடத்திலேயே வரைந்துகொண்டார். சக பேராசிரியர்கள் சிரித்தார்கள். "சத்தியம் பண்ணிட்டு ஏமாத்தற அறிவியல் எனக்கு வேணாம்" என்றார்.

அந்தப் படங்களைப் பிரதி எடுத்து, ஊர் நம்பிக்கை கோயில் காட்டை எப்படிக் காக்கிறது என்று ஆராய்ந்துதான் சம்பத் முனைவர் ஆனார். பிறகு சென்னையில் நிறுவனங்களுக்குச் சூழல் அறிக்கை எழுதிக் கொடுக்கும் தொழில் தொடங்கினார். பல ஆண்டுகள் கழித்து, கல்குவாரி லாரிகளுக்காக அந்தக் காட்டின் ஓரமாகப் பாதை போட ஒரு நிறுவனம் விண்ணப்பித்தது. திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். நிறுவனத்தின் பக்கம் மேடையில் உட்கார்ந்திருந்தவர் சம்பத்.

வீரை, காயா, உலக்கைப் பாலை என்று தையல்நாயகி ஒவ்வொன்றாகச் சொன்னார். இந்த மரங்கள் சேர்ந்து நிற்கும் காடு இந்தப் பக்கத்தில் அரிதாகிவிட்டது என்றார். சம்பத் எழுந்து, மரியாதையாகவே பேசினார்.

"மேடத்து மேல எனக்கு மதிப்பு உண்டு. ஆனா ஒரு மரத்துக்குக்கூட மாதிரி கிடையாது. படம் வரையறது யார் வேணா வரையலாம். அதை ஆதாரமா ஏத்துக்க முடியாது."

"ஏன் எடுக்கலன்னு நீயே சொல்லு சம்பத்."

"மேடம், அது நம்பிக்கை. இங்க பேசறது அறிவியல்."

கூட்டத்திலிருந்து அஞ்சலைதான் எழுந்தார். "இலைதானம்மா கேக்கறாங்க? எடுத்துனு வாங்க. அம்மன்கிட்ட நாங்க சொல்லிக்கிறோம்."

மறுநாள் தையல்நாயகி என்னிடம் பழைய நாளிதழ் கேட்டு வாங்கிப் போனார். ஊரே எல்லையில் நின்று பார்த்தது. ஒவ்வொரு மரத்திலும் ஒரு சிறு கிளை. ஒடிபடும் சத்தம் வெளியே வரை கேட்டது. மாதிரிகளை நிபுணர்கள் சரிபார்த்து, அவர் சொன்னது அத்தனையும் உண்மை என்றார்கள். பாதை வேறு பக்கம் போனது. வெற்றி என்று நாங்கள் படத்தோடு செய்தி போட்டோம்.

அடுத்த கோடையில் அவரோடு அங்கே போனேன். காட்டுக்குள்ளிருந்து பெண்கள் விறகுக் கட்டோடு வந்துகொண்டிருந்தார்கள். சுள்ளி மட்டுமில்லை, வெட்டிய கிளையும் இருந்தது. முன்னால் வந்தவர் அஞ்சலை.

"என்ன அஞ்சலை இது?"

"வெறகும்மா. கேஸ் விக்கிற வெலைக்கு இன்னா பண்றது? நீங்க ஒடிச்சீங்க, ஒண்ணும் ஆவலியே. அம்மன் பொறுத்துக்கினா." அதில் குத்தல் இல்லை. அவர்மீது இருந்த மதிப்பில்தான் சொன்னார்.

விழுப்புரம் திரும்பும் வழியில், கூட்டேரிப்பட்டில் பேருந்து நின்றபோதுதான் தையல்நாயகி வாய் திறந்தார். "அந்தக் காட்டுக்கு வேலி கெடையாது சார். அந்தப் பயந்தான் வேலி. இது சம்பத்துக்கு என்னைவிட நல்லாத் தெரியும், அவன் ஆராய்ச்சியே அதப்பத்திதான். அந்த வேலியை என் கையாலயே பிரிக்க வெச்சான்." பிறகு, "இத நீங்க எழுதாதீங்க. நான் இருக்கற வரைக்கும்" என்றார்.

அதன்பிறகு அவர் அந்தக் காட்டுக்குப் போகவில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் பார்த்துவந்து சொல்வேன். மரங்கள் குறைந்து காட்டின் நடுவில் வெளிச்சம் விழ ஆரம்பித்துவிட்டது என்று ஒருமுறை சொன்னேன். அடுத்தமுறை அவர் கேட்கவில்லை.

அவர் இறந்த அன்று மாலை வீட்டு வாசலில் கூட்டம். அஞ்சலை பேருந்து பிடித்து வந்திருந்தார். மாலைக்குப் பதிலாக ஒரு பெரிய பச்சைக் கிளை. "அவங்களுக்குப் புடிச்ச மரம் சார். காலையில ஒடிச்சிக்கினு வந்தேன்" என்று அழுதபடி கால்மாட்டில் வைத்தார். வீரை.

சம்பத் பெரிய ரோஜா மாலையைப் போட்டுவிட்டு என்னிடம் வந்தார். கண்கள் சிவந்திருந்தன. என் கையைப் பற்றிக்கொள்ள இரண்டு கைகளையும் நீட்டினார்.

தையல்நாயகி கொடுத்ததில் என்னிடம் தங்கியது ஒரு பழக்கம்தான். எதையாவது தொட வேண்டாம் என்று தோன்றினால் கைகள் தாமாகப் பின்னால் போய்விடும். அன்றும் போயிருந்தன. சம்பத் நீட்டிய கைகள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றன. பின்னால் கட்டிய கைகளை நான் எடுக்கவில்லை.