நாற்பத்தோராவது வீடு

2007 ஆடி மழையில் மட்டாஞ்சேரிச் சந்துகளில் நின்ற வெள்ளம் வடிந்த பிறகுதான் எலிக்காய்ச்சல் தொடங்கியது. சந்தனமாரி கார்ப்பரேஷனில் தெரு கூட்டுபவள். சுகாதார அலுவலகம் அவளிடம் ஒரு மொபைலைக் கொடுத்து, அவள் குடியிருப்பின் நாற்பத்தோரு வீடுகளையும் தினமும் பார்த்து மெசேஜ் அனுப்பச் சொல்லியிருந்தது. வீட்டு எண், பக்கத்தில் ஓர் இலக்கம். நோயில்லை என்றால் பூஜ்யம். காய்ச்சலுக்கு ஒன்று. கெண்டைக்கால் வலியும் சேர்ந்தால் இரண்டு. இரண்டு போனால் ஆம்புலன்ஸ் வரும்.

முந்தின வாரம் பக்கத்து வீட்டுப் பிச்சுமணிக்கு அவள்தான் இரண்டு அனுப்பினாள். ஐந்து நாள் காய்ச்சலை மறைத்து வைத்திருந்தவன், ஆஸ்பத்திரியிலிருந்து பிணமாக வந்தான். அதன்பிறகு அவள் போனோடு வருவதைக் கண்டாலே பெண்கள் கதவைச் சாத்தினார்கள்.

நாற்பத்தோராவது வீடு அவளுடையது. பிச்சுமணியோடு ஒரே ஓடையில் இறங்கிச் சேறு அள்ளியவன் அவள் புருஷன் ராமர். சனிக்கிழமை காலை அவன் பாயை விட்டு எழவில்லை. உடம்பு கொதித்தது. காலைத் தொட்டதும் முனகினான்.

"அனுப்பிராத மாரி. அந்த வண்டில ஏறினா நானும் திரும்ப மாட்டேன்."

அவளுக்கும் அதே பயம்தான். நாற்பது வீட்டை மட்டும் அனுப்பிவிட்டுப் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். பத்து மணிக்கு அது அடித்தது. அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் மலையாளிப் பையன் சுஜித்.

"சேச்சி, ஒரு வீடு குறையுது. நாப்பத்தொண்ணு சிவப்பா காட்டுது."

"மறந்துட்டேன் மோனே. இப்ப அனுப்புறேன்."

41, 0 என்று அழுத்தினாள். பதிவாகிவிட்டது என்று உடனே பதில் வந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இனி யாரும் கேட்க மாட்டார்கள். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை ராமர் சுகமாக இருக்கிறான்.

மதியம் குடித்த கஞ்சியை வாந்தியெடுத்தான். மூன்று மணிக்கு அவன் கண் திறந்தபோது வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது. காலையிலிருந்து மூத்திரமே போகவில்லை என்றான். அவள் 41, 2 என்று அனுப்பினாள். இன்றைய விவரம் ஏற்கெனவே வந்துவிட்டது என்றது போன். மறுபடி அனுப்பினாள். அதே பதில். சுஜித்தைக் கூப்பிட்டாள்.

"காலைல பூஜ்யம்னுதானே அனுப்பினீங்க?"

"அது பொய் மோனே. பயந்து பொய்யா அனுப்பிட்டேன். அவருக்குக் கண்ணு மஞ்சளாயிட்டு."

"கம்ப்யூட்டர்ல நாளைக்குத்தான் மாத்த முடியும். அதை விடுங்க சேச்சி. வண்டியை நான் விளிக்கிறேன். ரோடு வரைக்கும் கொண்டு வாங்க."

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். பிச்சுமணியின் மனைவி ஒச்சம்மாள் திறந்தாள். விஷயத்தைக் கேட்டவள் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்தாள். ராமர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றான். சந்தனமாரி அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். சந்துச் சேற்றில் இருவருமாக அவனைச் சுமந்து போனார்கள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு முறை டயாலிசிஸ் செய்தார்கள். பன்னிரண்டாம் நாள் ராமர் நடந்தே வீட்டுக்கு வந்தான். ஆனாலும் ஒரு மாதம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அலுவலகம் மொபைலைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்வரை சந்தனமாரி வீடு வீடாகப் போனாள். ஆளை நேரில் பார்த்து, கண் இமையை இழுத்துப் பார்க்காமல் பூஜ்யம் அழுத்த அவளுக்கு விரல் வரவில்லை. யாராவது கதவைச் சாத்தினால் ஒச்சம்மாள் முன்னே போய்த் தட்டினாள்.