பௌர்ணமியன்று ஒரு திறப்பு விழா

2004 ஆகஸ்ட் 29, ஞாயிறு. வழக்கம்போல் நாலரைக்கு எழுந்து, பால் காய்ச்சி, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஞாயிறு எனக்குத் துணி துவைக்கும் நாள். அதை மட்டும் தள்ளிவைத்துவிட்டு ஆறேகால் பஸ்ஸுக்குக் கோயம்பேடு போய்ச் சேர்ந்தேன். கையில் சுருட்டிய பிளக்ஸ் பேனர், பத்தடி நீளம். "இந்தியப் பொருளாதாரத்திலும் சமுதாயத்திலும் எங்கள் பங்கு" என்று அதில் அச்சடித்திருந்தது.

நான் ஒரு பன்னாட்டுக் கணினி நிறுவனத்தின் சென்னை அலுவலகத்தில் நிர்வாகப் பிரிவில் இருக்கிறேன். கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசப் பயிற்சி மையம் திறப்பது என்று நிறுவனம் முடிவு செய்து, முதல் மையத்துக்குத் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலை கிராமத்தைத் தேர்ந்தெடுத்தது. எட்டுக் கணினிகள், ஓர் ஆசிரியை, நாற்பது மாணவர்கள். திறப்பின்போது நாற்பது பேரையும் நேரில் வைத்துப் புகைப்படம் எடுக்க வேண்டும். இல்லையென்றால் மையம் விழுப்புரத்துக்குப் போய்விடும். இது தலைமையகத்தின் விதி. தேதியை வைத்தவர் எங்கள் மேலாளர். பௌர்ணமியாகப் பார்த்து வைத்தார். விழா முடிந்த கையோடு கிரிவலமும் முடித்துவிடலாமே!

டிக்கெட் ஐம்பத்தெட்டு ரூபாய். கண்டக்டர், "கிரிவலங்களா?" என்றார். ஆபீஸ் வேலை என்றேன். பக்கத்து சீட்டு அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பௌர்ணமியில அங்க இன்னாம்மா ஆபீஸ் வேலை?" திண்டிவனத்தில் இட்லி, செஞ்சியில் அரை மணி நேர நெரிசல். பதினொன்றரைக்குத் திருவண்ணாமலை.

ஆட்டோக்காரர் நாற்பது ரூபாய் கேட்டார். "ஜாஸ்தியாச்சே" என்றேன்.

"ஆசிரமம் வரைக்குந்தாங்க அந்த ரேட்டு. அதுக்கு மேல நீங்க கோடி குடுத்தாலும் வுட மாட்டாங்க."

அவர் சொன்னது சரி. செங்கம் ரோட்டில் ஆசிரமம் தாண்டியதும் தடுப்பு. அதற்கு இந்தப் பக்கம், எட்டுக் கணினிகளை ஏற்றிக்கொண்டு வந்த எங்கள் வேன் காலை எட்டிலிருந்து நின்றுகொண்டிருந்தது. காவலரிடம் நிறுவனத்தின் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"மேடம், அண்ணாமலையாரே வண்டியில வந்தாலும் எறக்கி நடக்கத்தான் வுடுவேன். காலையில தெறப்போம்."

ஐந்து கிலோமீட்டருக்குக் குறையாத நடை. வெயிலில் பேனரைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தேன். கிரிவலப் பாதையில் பேனர் தூக்கிப் போகிறவர்கள் அன்னதானக்காரர்கள்தான் போலிருக்கிறது. "அன்னதானம் எங்கம்மா?" என்று முதலில் ஒரு கிழவர் கேட்டார். பிறகு ஒரு குடும்பமே என் பின்னால் வந்தது. கணினி என்று விளக்கினேன். "சாப்பாடு கெடையாதா?" என்று ஏமாற்றத்தோடு விலகினார்கள்.

ஒன்றேமுக்காலுக்கு மையத்தை அடைந்தேன். வெள்ளையடித்த ஒற்றை அறை, வாசலில் மாவிலை. உள்ளே நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகள் காலியாக இருந்தன. ஆசிரியை மல்லிகா மட்டும் நின்றுகொண்டிருந்தாள். இந்த ஊர்ப் பெண். ஆசிரமத்துப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தவள், இதை நம்பி அதை விட்டுவிட்டாள். அங்கே அவள் இடத்துக்கு வேறு பெண் வந்தாயிற்று.

"பிள்ளைங்க எங்கே?"

"வியாபாரத்துல இருக்காங்க மேடம். தண்ணி, எலுமிச்ச சாதம், சோளம். மாசத்துல ஊருக்கு வருமானம் இன்னிக்குத்தான். போன்லயே சொன்னேன், டேட் ஃபிக்ஸ் ஆயிடுச்சுனு போனை வெச்சுட்டாங்க."

எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. இருவரும் கடை கடையாகப் போனோம். பிளஸ் ஒன் படிக்கும் தேவி சோளம் வாட்டியபடியே, "மிஸ், எங்கம்மா ஒத்த ஆளா எப்படிச் சமாளிக்கும்? காலையில கட கட்டிட்டு நேரா வந்துடறேன்" என்றாள். எல்லோரும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்கள்.

மாலை ஆறு மணிக்கு மேலாளர் வந்தார். காரை நகரத்திலேயே நிறுத்திவிட்டு, வெறுங்காலோடு, விபூதி பூசி, ஒரு கையில் சோளமும் மறு கையில் தண்ணீர் பாட்டிலுமாக. காலி நாற்காலிகளைப் பார்த்ததும் முகம் மாறியது.

"எங்கேம்மா நாற்பது பேர்?"

"வழியெல்லாம் பாத்துக்கிட்டுத்தான் சார் வந்திருக்கீங்க," என்றாள் மல்லிகா. "உங்க கையில இருக்கிற சோளம் தேவி வித்தது. அட்மிஷன்ல மூணாவது பேரு."

அவர் சோளத்தைப் பார்த்தார். "அதெல்லாம் சரி. போட்டோ இல்லாம நான் மேலே என்ன சொல்றது?"

"பௌர்ணமியில வெச்சது நாமதான்னு சொல்லுங்க," என்றேன். பன்னிரண்டு வருட வேலையில் அவரிடம் இப்படிப் பேசியதில்லை.

கடைசியில் ஒரு சலுகை செய்தார். "நாளைக்குப் பத்து மணி. நாற்பது பேர், எட்டுக் கம்ப்யூட்டர். ஒருத்தர் குறைஞ்சாலும் வேன் விழுப்புரம் போயிடும்." மீதிக் கிரிவலத்தை முடிக்க நொண்டியபடி கிளம்பினார்.

தன் வீட்டுக்கு வந்து படுக்கச் சொன்னாள் மல்லிகா. நான் அறையிலேயே, சுவரில் கட்டியிருந்த பேனருக்குக் கீழே, இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் படுத்தேன். அவளும் போகவில்லை. "ராத்திரி முழுக்க முழிச்சிருக்கப் போற பிள்ளைங்க மேடம். வருவாங்களா?" என்று ஒருமுறை கேட்டாள். வெளியே "அரோகரா" ஓயவே இல்லை.

திங்கள் காலை, ஆறு மணிக்குச் சற்று முன்பு வேன் வந்தது. அதன் பின்னாலேயே பிள்ளைகளும் வரத் தொடங்கினார்கள். உடம்பெல்லாம் கரிப்புகை வாசனை, சிவந்த கண்கள். தேவி கணினிப் பெட்டி ஒன்றின்மேல் தலையைச் சாய்த்தாள், அப்படியே தூங்கிப்போனாள். ஆறரைக்கு நாற்பது பேரும் வந்துவிட்டார்கள். நிற்கத் தெம்புள்ளவர் அதில் பாதிகூட இல்லை.

மல்லிகா என்னைப் பார்த்தாள். பத்து மணிக்கு இன்னும் நேரமிருந்தது. நாற்காலிகளை வெளியே எடுத்துப் போட்டோம். பேனரைக் கழற்றி, எழுத்து கீழே போகும்படி சிமென்ட் தரையில் விரித்து, அதன்மேலும் சுற்றிலும் பிள்ளைகளைப் படுக்க வைத்தோம். அன்று செய்த முதல் வேலை அதுதான்.