கமிட்டி கொடுத்த தாம்பூலம்

பெண்கள் கல்லூரிதான். ஆனால் அதை நடத்திய கமிட்டியில் ஒரு பெண்கூடக் கிடையாது. மதுரையில் யாருக்கும் இதில் ஆச்சரியம் இருந்ததில்லை. எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது.

முதல்வராக இருந்த துரைசானி, யுத்தம் மூண்டதும் சீமைக்குக் கப்பலேறிவிட்டார். அவர் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். முதல்வர் இல்லை, 'பொறுப்பு' முதல்வர். அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு சில வருஷங்கள் கல்லூரியை நடத்தினேன். அரிசி கிடைக்காத நாட்களில் உசிலம்பட்டிச் சந்தைக்கு ஆள் அனுப்பிக் கம்பு வாங்கி விடுதிப் பெண்களுக்குக் கூழ் காய்ச்சிப் போட்டேன். படிக்கிற பெண்ணைப் பாதியில் கல்யாணத்துக்கு இழுத்துப்போக வந்த தகப்பன்மாரோடு வாசலில் மல்லுக்கு நின்றேன். கல்யாணம் ஆனால் ஆசிரியை வேலையை விடவேண்டும் என்று அங்கே எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. நான் கல்யாணத்தை விட்டேன். அந்தப் 'பொறுப்பு' உதிர்ந்து நான் முதல்வர் ஆகவேண்டும். அதைத் தவிர எனக்கு வேறு ஆசையே இல்லை.

நிரந்தர முதல்வரை முடிவு செய்கிற கூட்டம் கமிட்டிச் செயலாளர் வீட்டில் நடந்தது. மேற்கே நிலபுலன் வைத்து உழுது பிழைத்த சம்சாரிக் குடும்பத்துக்காரர். பஞ்சு வியாபாரத்தில் பெருத்து, திருப்பரங்குன்றம் போகிற வழியில் பெரிய வீடு கட்டியிருந்தார். துரைசானி காலத்தில் அந்த வீட்டு முன்கூடத்தில் ஆண்களுக்குச் சமமாக அவருக்கும் நாற்காலி போடுவார்கள். வெள்ளைத் தோலுக்கு வீட்டு வழக்கம் கிடையாது. எனக்கு உண்டு. பெண்கள் முன்கூடத்தில் உட்காருகிற பழக்கமில்லை என்று என்னை மரியாதையாகப் பின்கட்டுக்கு அனுப்பினார்கள். வேண்டும்போது கூப்பிடுகிறோம் என்றார் செயலாளர். என்ன கேட்டாலும் பதில் சொல்லத் தயாராகக் காத்திருந்தேன்.

கூப்பிடவில்லை. செயலாளரின் மனைவி பணியாரமும் காப்பியும் கொடுத்தார். என் சேலை எந்தக் கடையில் எடுத்தது என்று கேட்டார். முன்கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில் செயலாளர் எட்டிப்பார்த்து மனைவிக்குத் தலையசைத்துவிட்டுப் போனார். அந்த அம்மாள் வெற்றிலை பாக்கு மஞ்சளோடு ஒரு சுங்குடிச் சேலையைத் தட்டில் வைத்து நீட்டினார். வந்த பெண்ணுக்கு எல்லா வீட்டிலும் கொடுப்பதுதானே என்று நானும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

மறுநாள் நோட்டீஸ் போர்டில் புது முதல்வரின் பெயர் இருந்தது. என்னைவிட வயதில் இளையவர், என்னிடம் வேலை பழகிய சரித்திர ஆசிரியர், ஆண்பிள்ளை.

செயலாளரிடம் போய்க் கேட்டேன். அவர்கள் பக்கத்தில் பங்காளித் தகராறு வந்தால், ஒதுங்கிக்கொள்கிறவருக்குத் துணிமணியோடு தாம்பூலம் கொடுப்பது வழக்கமாம். வாங்கிவிட்டால் மனம் ஒப்பி விட்டுக்கொடுத்ததாக அர்த்தமாம்.

"நீங்கதேன் மனசார வாங்கிக்கிட்டீகளே டீச்சர். இஷ்டமில்லன்னா தட்டத் தொட்டிருக்கப்படாதுல்ல" என்றார்.

டவுனில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்த வழக்கம் எப்படித் தெரியும்? திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அப்படிக் கொடுத்தால் பேச்சு முறிந்ததாகும், கமிட்டியை மறுபடி கூட்டத்தான் வேண்டும் என்று அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் கொடுத்தவள் கையில்தான் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்றார்.

அன்று சாயங்காலமே போனேன். சேலையைக் கண்டதும் அந்த அம்மாள் முகம் வெளிறிப் பின்வாங்கினார். எதற்காகக் கொடுத்தோம் என்று அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

"குடுன்னாக, குடுத்தேன். மக கல்யாணத்துக்கு நாள் குறிச்சிருக்கு டீச்சரம்மா. தாம்பூலம் திரும்பி வந்த வீடுன்னு பேராயி அது நின்னுபோச்சுன்னா, என் கைராசியத்தேன் சொல்லுவாக. என்னய எங்கய்யா வீட்டுக்கே அனுப்பிச்சுருவாக."

சொல்லிவிட்டு அழுதார். கொடுத்தவள் கையில்தான் என்று அந்த மனிதர் ஏன் சொன்னார் என்பது அப்போதுதான் விளங்கியது. இந்த அம்மாள் மேல் கோபப்படவும் எனக்கு மனம் வரவில்லை. நீட்டிய சேலையைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஜட்கா ஏறினேன். வழியெல்லாம் எனக்கும் அழுகைதான்.

திங்கட்கிழமை புது முதல்வரிடம் சாவியை ஒப்படைத்தேன். கெட்டவர் என்று சொல்லமாட்டேன், எழுந்து நின்றுதான் வாங்கினார்.

"டைம்டேபிள் மட்டும் நீங்களே போட்டுருங்கம்மா. எனக்கு அது பிடிபட மாட்டேங்குது" என்றார்.

போட்டேன். அப்புறம் விடுதி வந்தது, பரீட்சை வந்தது, தகப்பன்மாரும் வந்தார்கள். எல்லாம் ஒவ்வொன்றாக என் மேஜைக்கே வந்து சேர்ந்தன. ஓய்வு பெறுகிற வரைக்கும் அந்தக் கல்லூரியை நான்தான் நடத்தினேன். கையெழுத்து மட்டும் அவர் போட்டார்.