துட்டி கேட்கப் போன நீதி அமைச்சர்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பாதிப் பேர் அக்காவை மேலகரத்துப் பெண்ணாக அறிவீர்கள். மீதிப் பேர் தொலைக்காட்சியில் அமைச்சராகப் பார்த்திருப்பீர்கள். இரண்டையும் பக்கத்திலிருந்து பார்த்தவன் கூடப்பிறந்த தம்பியாகிய நான்தான். ஆகவே எழுத உட்கார்ந்தேன். பக்கத்துக்குப் பக்கம் அழுவேன் என்று நினைத்தவர்கள் ஏமாந்து போவீர்கள். அக்கா ஜெயித்த மனுஷி. ஜெயித்த கதையைத்தான் எழுதப்போகிறேன்.

அப்பா தென்காசியில் வக்கீல் குமாஸ்தா. வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை, அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. வாய் மட்டும் அக்காவுக்கு ஒரு தெருவுக்கே காணும். பள்ளிக்கூடத்துப் பெண்ணாக இருந்தபோது, ஒரு சாரல் காலத்தில் குற்றாலம் ஐந்தருவியில் பெண்கள் வரிசையில் நின்றிருக்கிறார். காரில் வந்திறங்கிய பெரிய வீட்டுப் பெண்களைக் காவலாளி முன்னால் விட்டிருக்கிறார். அக்கா இரண்டு கைகளையும் விரித்து மறித்துவிட்டார்.

“ஏட்டி, நீ யாரு வீட்டுப் புள்ள?” என்று அவர்களில் ஓர் அம்மா அதட்டினாராம்.

“வரிசையில நிக்கிற வீட்டுப் புள்ள. நீங்களும் வந்து பின்னால நில்லுங்க.”

நின்றார்களே! எங்கள் அம்மாதான் வெட்கப்பட்டு, குளித்தும் குளிக்காமலும் அக்காவை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

சட்டம் படித்து, கறுப்புக் கோட்டோடு தென்காசி நீதிமன்றத்தில் அக்கா நின்ற நாளில் அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு கல்யாணம். அத்தான் ஆப்பிரிக்காவில் ஒரு சின்ன நாட்டில் மருத்துவர். அந்த நாட்டின் பெயரை நான் எழுதப்போவதில்லை. நான் சொல்லப்போகும் வழக்கில் சாட்சி சொன்னவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். பெயர் வேண்டாம் என்பது அக்காவின் கட்டளை.

அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. நம்மவர்கள் பெரும்பாலும் ஊர் திரும்பிவிட்டார்கள். அத்தான் ஆஸ்பத்திரியை விட்டு வரமாட்டேன் என்றார். அங்கேயே காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தார். “வந்துரு அக்கா” என்று நான் போனில் கதறினேன். “அவரு கெடக்குத மண்ண விட்டுட்டு நான் எங்கனலே வருவேன்?” என்று கேட்டார். சிறை வாசல்களில் கணவனைத் தேடி வந்து நின்ற பெண்களுக்கு மனு எழுதிக் கொடுத்தே அக்கா அந்தப் போர்க்காலத்தைக் கழித்தார். சமாதானம் வந்ததும் புதிய ஜனாதிபதி அந்த மனுக்காரியைத் தேடிப் பிடித்து நீதி அமைச்சராக்கினார்.

அடேயப்பா, நம் ஊரில் அன்றைக்கு என்ன கொண்டாட்டம்! பண்பொழி முருகனுக்கு நான் படியேறிப் போய் அர்ச்சனை செய்தேன். சுரண்டைச் சித்தப்பா மட்டும் காரியத்தில் கண்ணாக, பேரனுக்கு அங்கன ஒரு வேலை பார்க்கச் சொன்னார். “சித்தப்பா, நான் மந்திரி. வேலைவாய்ப்பு ஆபீஸ் இல்ல” என்று அக்கா போனிலேயே முடித்துவிட்டார்.

போர் ஓய்ந்த நாட்டில் நீதி அமைச்சர் பதவி என்றால் சும்மாவா? வீட்டுக்கு வீடு ஆளைக் காணோம். ஆட்களைப் பிடித்துப்போய்க் கொன்ற தளபதியோ தலைநகரில் மாலை மரியாதையோடு உலாவுகிறான். அவன் மேல் அக்கா வழக்குப் போடச் செய்தார். பயத்தில் சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை. ‘இனியும் சாட்சி வராவிட்டால் எல்லோருக்கும் பொது மன்னிப்பு; அந்தச் சட்டத்தை நீங்களே எழுதிக் கொண்டுவாருங்கள்’ என்று அமைச்சரவை சொல்லிவிட்டது. அக்கா எழுதினால் தளபதி சாகும்வரை ராஜா.

அதிகம் பேரைப் பறிகொடுத்த ஊருக்கு அக்கா புறப்பட்டார். முதலில் போனது எஸ்தர் அம்மா வீடு. கணவரையும் மகன்களையும் இழந்து தனியாக இருந்தவர். கேட்க வேண்டியதை எல்லாம் அதிகாரிகள் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் வாசலில் கால் வைத்ததும், தாம் அமைச்சர் என்பதே அக்காவுக்கு மறந்துபோயிற்று. துட்டி வீடு அல்லவா! நாம் எப்படித் துக்கம் கேட்கப் போவோமோ அப்படியே போனார். வணக்கம் சொல்லவில்லை, வழக்கைப் பற்றி வாய் திறக்கவில்லை. பாயில் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுது முடித்து எழுந்தார், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் காரில் ஏறிவிட்டார். துட்டி வீட்டில் ‘போயிட்டு வாரேன்’ என்று நம்மில் யாராவது சொல்வோமா?

அந்த நாட்டில் அது பெரிய அவமரியாதை. ‘பிள்ளைகளைப் பறிகொடுத்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாள் வெளிநாட்டுக்காரி’ என்று வானொலி முழங்கியது. தளபதிக்குக் கொண்டாட்டம். ஜனாதிபதி கூப்பிட்டு, “நேரில் போய் மன்னிப்புக் கேளுங்கள், இல்லையென்றால் பதவி விலகுங்கள்” என்றார்.

அக்கா மறுபடி போனார். அங்கே நடந்ததை நம் ஊர்ப் பேச்சிலேயே நடித்துக் காட்டுவார். அப்படியே தருகிறேன்.

“வாசல்ல நின்னுக்கிட்டே சொல்லுதேன்: ‘தப்பா நெனச்சுக்கிடாதீங்கம்மா. எங்க ஊர்ல சாவு விழுந்த வீட்ல வாரேன்னு சொல்லிட்டுப் போக மாட்டோம். சொன்னா, இன்னொரு சாவுக்கு வாரேன்னு ஆயிரும்லா.’ அந்தம்மா என்னையே பாக்குதா. அன்னைக்குப் போட்ட பாயி அப்படியே கெடக்கு. ‘எங்க ஊர்ல சொல்லாமப் போனவங்க சொல்லிக்கிடத் திரும்பி வருவாங்க, அதுவரைக்கும் பாயச் சுருட்ட மாட்டோம்’ங்கா. பொறவு சொல்லுதா: ‘இந்த வீட்ல இன்னொரு சாவுக்கு என்னைய விட்டா ஆளு யாரும்மா இருக்கா? நீ தாராளமா சொல்லிட்டே போ.’ அவளே என் கையப் பிடிச்சுக்கிட்டா. ‘எனக்கு இனி என்னத்துக்குப் பயம்? நான் சாட்சி சொல்லுதேன்’னுட்டா.”

சொன்னார். நீதிமன்றத்தில் தளபதியின் முகத்துக்கு நேரே நின்று சொன்னார். அவரைப் பார்த்து அடுத்த வீட்டுப் பெண் வந்தார், பிறகு அந்தத் தெருவே வந்தது. தளபதிக்கு ஆயுள் தண்டனை. மன்னிப்புச் சட்டத்தில் அக்கா ஓர் எழுத்துக்கூட எழுதவில்லை. தீர்ப்பு வந்ததும் எனக்குப் போன் செய்தார். குரலில் அப்படியே ஐந்தருவிப் பெண். “ஏலே, அவனையும் வரிசையில நிக்க வச்சுட்டேம்லே!” என்றார். என் கடையில் வாடிக்கையாளர்கள் முன்னாலேயே நான் கைதட்டிக் கூத்தாடினேன்.

பதவிக்காலம் முடிந்து மேலகரத்துக்கே வந்து சேர்ந்தார். உடம்பு முடியாமல் போன பிறகும், கடைசிச் சாரலில் அருவிக்குப் போக வேண்டும் என்று அடம். வயதானவர் என்று பெண்கள் வழிவிட்டார்கள். அக்கா போவாரா? என் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றே குளித்தார். அடுத்த சாரலுக்கு அக்கா இல்லை.

பதினாறாம் நாளுக்குள் எஸ்தர் அம்மா வந்துவிட்டார். அத்தனை தூரம்! பாயில் உட்கார்ந்து என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எழுந்ததும், அவர் நாட்டு வழக்கப்படி விடைபெறுவார் என்று நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றோம். ஒரு வார்த்தை சொல்லவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே போய்க் காரில் ஏறிவிட்டார். பாயைச் சுருட்டக் குனிந்த மனைவியிடம், “இருக்கட்டும், சுருட்டாத” என்றேன். அவர் திரும்பி வருவார் என்று எனக்குத் தெரியும். இன்றைய நிகழ்ச்சிக்கு வருவதாக இப்போது செய்தி வந்திருக்கிறது.

அக்காவைக் கடைசிவரை தாயைப்போல் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியருக்கும், துக்க நாட்களில் எங்கள் வீட்டில் அடுப்பெரியாதபோது சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், நீதிமன்ற நண்பர்களுக்கும், வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. போன வருஷம் நீங்கள் எல்லோரும் முறைப்படி சொல்லாமல் எழுந்து போனீர்கள். இன்றோடு துக்கம் கழிகிறது. இலை போட்டாயிற்று, இருந்து சாப்பிடுங்கள். வாசலில்தான் நிற்பேன். இன்றைக்கு ஒவ்வொருவரும் என்னிடம் சொல்லிக்கொண்டே போங்கள்.