பூதப் படம் பிள்ளைகளுக்கு ஆகுமா?

ஏலப்பாறைக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட்டில் ஒரு சின்ன வாசகசாலை உண்டு. பள்ளிக்கூட வேலை முடிந்ததும் சாயங்காலங்களில் அதைத் திறந்துவைப்பது நான்தான். கோடை விடுமுறையில் அங்கே பிள்ளைகளுக்குப் படம் போடுவோம். போன வருஷம் நான் தேர்ந்தெடுத்தது ஒரு பூதப் படம்.

அணைக்குள்ளிருந்து ராட்சத மிருகம் ஒன்று கிளம்பி ஊரைத் தின்கிறது. தண்ணீரில் கிடக்கும்வரை எங்கள் பொறுப்பில்லை என்கிறது ஒரு இலாகா. கரையேறிவிட்டால் எங்களுடையதில்லை என்கிறது இன்னொன்று. மந்திரி அதற்கு வரவேற்பு வளைவு வைக்கிறார். அதைப் பற்றிக் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருக்கும்போதே, கூட்டம் நடக்கும் கட்டடத்தை அது விழுங்கிவிடுகிறது.

இந்தப் படத்தைப் போடப்போகிறோம் என்ற செய்தி தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் பரவியது. மறுநாளே கொழுந்தெடுக்கும் பெண் ஒருத்தி வேலை உடுப்போடு வந்து நின்றாள். அவள் மகள் மூன்றாம் வகுப்பு முடித்திருந்தாள். அந்த மாதம்தான் அவர்கள் வீட்டுக் கன்றுக்குட்டியைப் புலி அடித்திருந்தது.

“டீச்சர், எம்புள்ள பகல்லயே தொழுவத்துப் பக்கம் போக மாட்டேங்குது. இதுல பூதத்த வேற காட்டப் போறீங்களாக்கும்?”

கேள்வி நியாயமானதுதான். ஆனால் பார்க்காத படத்தைப் பற்றிப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. “ஞாயித்துக்கெழம வாங்க. ரெண்டு பேரும் சேந்து பாப்போம். அப்புறம் சொல்லுங்க” என்றேன்.

வந்தாள். லேப்டாப்பில் பார்த்தோம். மிருகம் வாயைத் திறந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டவள், வரவேற்பு வளைவைக் கண்டதும் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு ஒரு காட்சி. மிருகத்தை வரவழைக்க அணையின் கிழட்டுக் காவலாளியை இரையாக நிறுத்திவிட்டு, எல்லோரும் தூரத்திலிருந்து செல்போனில் படம் பிடிக்கிறார்கள். அவள் சிரிப்பு நின்றுபோனது.

“பல்லு நகமெல்லாம் பொம்மைன்னு புள்ளைக கண்டுபிடிச்சிரும் டீச்சர். இதுதான் பயமா இருக்கு.”

எனக்கும் அதேதான் தோன்றியிருந்தது. படத்தில் ரத்தம் குறைவு, கெட்ட வார்த்தை கிடையாது. சிக்கல் கிண்டலில்தான். ரொம்பச் சின்னக் குழந்தைக்கு மிருகம் மட்டுமே கண்ணில் படும். மந்திரியைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்த பிள்ளைக்கு மிருகம் பாதியாகச் சுருங்கிவிடும். மூன்றாம் வகுப்பு முடித்தவர்கள் வரட்டும், பகலில் போடுவோம், பெற்றவர்கள் பக்கத்தில் உட்காரட்டும் என்று முடிவு செய்தேன். காவலாளி காட்சியை மட்டும் வெட்டிவிடலாமே என்றார் வாசகசாலைக் கமிட்டிக்காரர் ஒருவர். முடியாது என்றேன். அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் கூச்சல்.

அந்தப் பெண் மகளை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். மிருகம் வந்தபோது பிள்ளைகள் அலறினார்கள், உடனே அலறியதற்காகச் சிரித்தார்கள். கட்டடம் விழுங்கப்பட்டபோது கைதட்டல் அடங்கவே நேரமானது. பிறகு திரையில் காவலாளி தனியாக நின்றார்.

மடியிலிருந்த சிறுமி எழுந்து நின்றாள். “ஏன் யாருமே அந்தத் தாத்தாவக் கூப்புட மாட்டேங்குறாங்க?” என்று அம்மாவிடம் கேட்டாள். பதில் வருமுன் திரையைப் பார்த்துக் கத்தினாள். “தாத்தா, ஓடியாங்க!”

மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். “ஓடியாங்க தாத்தா, ஓடியாங்க!” அவள் அம்மாவும் கத்தினாள். கமிட்டிக்காரரின் குரலும் அதில் கேட்டது.

காவலாளி துண்டை உதறிவிட்டு ஓடித் தப்பித்தார். அது படத்திலேயே அப்படித்தான். தாங்கள் கத்தியதால்தான் அவர் ஓடினார் என்று பிள்ளைகள் இன்றும் சொல்கிறார்கள். நான் திருத்தவில்லை.